கட்டுக்காரர் வீட்டு ரூட்டர்

இனிமேல் இந்த வீட்டு நெட்டுக்கு ஒரே சாவிதான், அது தன் சட்டைப் பையில்தான் இருக்கும் என்று கட்டுக்காரர் முடிவெடுத்தபோது வீட்டில் யாரும் இல்லை. பெரிய முடிவுகளை அவர் எப்போதும் வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துத்தான் எடுப்பார். எதிர்ப்பு வராது.

கட்டுக்காரர் என்பது பார்சல் ஆபீஸில் வைத்த பெயர். அங்கே கட்டுப் பிரிவில் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றவர். அவர் போட்ட முடிச்சை யாரும் கையால் அவிழ்த்ததாகத் தகவல் இல்லை. கத்தி, கத்தரிக்கோல், கடைசியில் பல். ஒரு ஆள் பார்சலைப் பிரிக்க முடியாமல் அதையே முக்காலியாக்கி உட்கார்ந்துகொண்டிருக்கிறார் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்குமா? வீட்டில் மிக்ஸி ஒயர், இஸ்திரிப்பெட்டி ஒயர், பழைய பேப்பர், துடைப்பம் என்று எல்லாம் கட்டுண்டு கிடந்தன. இஸ்திரி போட வேண்டுமென்றால் அவர் மனைவி காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும். அவிழ்க்க நேரம் ஆகும்.

கட்டி முடித்த நேரம் போக, டேப்லட்டில் செஸ் ஆடுவார். நேரில் யாருடனும் ஆட மாட்டார். கூச்சம். எதிராளி முகத்தைப் பார்த்தால் பாவமாகி, தன் யானையை விட்டுக்கொடுத்துவிடுவார். நெட்டில் ஆடினால் முகம் கிடையாது. தினமும் மாலை ஏழு மணிக்கு, ஆந்தைப் படம் போட்ட முகம் தெரியாத ஒருவர் அவருக்காகக் காத்திருப்பார். ஆந்தையை ஒரே ஒரு முறை ஜெயித்துவிட்டால் போதும், அப்புறம் ஆயுளுக்கும் வேறு ஆசை கிடையாது என்ற நிலைமைக்குக் கட்டுக்காரர் வந்திருந்தார்.

ஆனால் ஏழரை அடித்தால் நெட் நின்றுவிடும்.

ராணி பாதி வழியில் நிற்கும். குதிரை காலைத் தூக்கியபடி நிற்கும். திரையில் ஒரு வட்டம் சுற்றும். ஆட்டக் கடிகாரம் மட்டும் நிற்காது. நேரம் தீர்ந்து, ஆந்தை ஜெயித்ததாக அறிவிப்பு வரும். கட்டுக்காரர் எழுந்து சமையல்கட்டுக்குப் போய் நிற்பார். மனைவி வெங்காயத்தையும் கத்தியையும் அவர் பக்கம் தள்ளுவாள். அவர் நறுக்கிக்கொண்டே புலம்புவார்.

நெட் ஏன் சரியாக ஏழரைக்கு நிற்கிறது என்று அவர் ஒரு நாள் யோசித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. யார் நிறுத்துகிறார்கள் என்றுதான் யோசித்தார். அதற்கும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசித்தார். மச்சினன்.

மச்சினன் மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மாடி வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறான். இந்த வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் வாங்கித் தந்தவனே அவன்தான். வாங்கித் தந்த கையோடு பாஸ்வேர்டை அவனும் போட்டுக்கொண்டான். ஏழரை மணிக்கு மாடியில் கால்பந்து ஆட்டம் சத்தமாக ஓட ஆரம்பிக்கும். கீழே ராணி நிற்கும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"உன் தம்பி நம்ம நெட்டை உறிஞ்சு குடிக்கிறான்," என்பார் வெங்காயத்தைப் பார்த்து.

"பாவம், அவன் என்ன செஞ்சான்?" என்பாள் மனைவி.

"கேட்டா தப்பா நினைச்சுக்குவானோன்னு பாக்கறேன்."

"அப்ப கேக்காதீங்க. இன்னும் கொஞ்சம் பொடியா நறுக்குங்க."

முகத்துக்கு நேரே கேட்க அவரால் முடியாது. ஆகவே முகம் இல்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார். புது ரூட்டர் வாங்குவது. அதில் புதுப் பாஸ்வேர்டு போடுவது. பழைய ரூட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுவது. மாடியில் கால்பந்து நின்றுவிடும். யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

கடைக்காரர், "என்ன வேகம் வேணும் சார்?" என்று கேட்டார்.

"வேகம் பரவாயில்லைங்க. ரகசியமா இருக்கணும்."

ஆறு கொம்பு வைத்த ஒரு ரூட்டரைக் கொடுத்தார்கள். மல்லாந்து விழுந்த வண்டு மாதிரி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சணல் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டார். பல வருஷமாகத் திறந்தே கிடந்த பெட்டி அது. இப்போது கட்டு விழுந்திருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார்.

மாட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அது தானாகவே வந்து சேர்ந்தது.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தருவது அவள் வேலை. பல் வலியோடு நிற்கிறவரிடம் "வியாழக்கிழமை வாங்க" என்று சொல்லி, அவரையே "நன்றிம்மா" என்று சொல்ல வைத்து அனுப்புகிற சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. அதைக் கேள்விப்பட்டுப் பெரிய மருத்துவமனை ஒன்று, நேரம் ஒதுக்கும் பிரிவுக்கே தலைமையாக வர விருப்பமா என்று கேட்டிருந்தது. சனிக்கிழமை நேர்காணல். வீட்டிலிருந்தே, வீடியோவில். இத்தனை வருஷ உழைப்புக்கு முதல் முறையாக ஒரு கதவு திறந்திருந்தது.

"நாலு மணிக்குங்க," என்றாள்.

கட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் ஒண்ணு யோசிச்சேன். அந்த நேரம் பாத்து நெட் நின்னுட்டா என்ன ஆகும்? பேசாம ஒரு புது ரூட்டர் மாட்டிடலாம். உனக்காகத்தான்."

"எனக்காகவா?"

"பின்ன? எனக்கு எதுக்கு?"

மனைவி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் விட்டுவிட்டார்.

"தம்பியக் கூப்பிட்டுக்கட்டுமா, மாட்டறதுக்கு?"

"வேண்டாம் வேண்டாம். அவனுக்கு எதுக்குச் சிரமம்?"

"நாலு மணி. ஞாபகம் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலை அவள் வேலைக்குப் போனாள்.

வாசல் கதவு சாத்தியதும் கட்டுக்காரர் பெட்டியைத் திறக்க உட்கார்ந்தார். தன் முடிச்சை அவிழ்க்கத் தன்னாலேயே முடியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார். அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை.

கூடத்துச் சுவரில் இரண்டு பெட்டிகள் இருந்தன. தெருவிலிருந்து வரும் ஃபைபர் ஒயர் முதல் பெட்டிக்குள் போனது. மஞ்சள் நிறம். தையல் நூலுக்கு அண்ணன் மாதிரி ஒரு தடிமன். அதற்குள் வெளிச்சம் ஓடுகிறதாம். அந்தப் பெட்டி கம்பெனியுடையது, தொடக்கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதிலிருந்து இன்னொரு ஒயர் இரண்டாவது பெட்டிக்குப் போனது. அதுதான் ரூட்டர். வீடெல்லாம் நெட்டை இறைப்பது அதுதான். அதை மட்டும் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டினால் முடிந்தது வேலை.

கழற்றினார். மாட்டினார். வண்டு கண் விழித்தது. டேப்பில் ஒரு பக்கம் திறந்தது. 'உங்கள் நெட் கம்பெனி கொடுத்த யூசர் பெயர், பாஸ்வேர்டு' என்று கேட்டது.

கம்பெனி அவருக்கு எதையும் கொடுத்ததில்லை. கொடுத்ததெல்லாம் மச்சினனிடம்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். அந்த வீட்டில் செல்போன் சிக்னல் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் தலையை வெளியே நீட்டினால். அப்படியே தலையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் பாட்டுக் கேட்டார். தெருவில் போன இரண்டு பேர், ஜன்னலில் தலையை விட்டு எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டாரோ என்று நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

"சார், பதிவு செஞ்ச நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருக்கேன். சொல்லுங்க சார்."

"எனக்கு ஒண்ணும் வரலையேம்மா."

"நாற்பத்தேழுல முடியற நம்பர் சார்."

நாற்பத்தேழில் முடிவது மச்சினன் நம்பர். யாருக்குத் தெரியாமல் பூட்டுப் போட நினைத்தாரோ, அவனிடமே போய்ச் சாவி கேட்க வேண்டும்.

அந்தப் பெண்ணைக் காத்திருக்கச் சொல்லிப் போனை ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டு, மாடிப்படியில் ஏறும்போது காரணம் ஒன்றைத் தயார் செய்தார். நடுப்படியில் அது நன்றாக இருந்தது. கடைசிப் படியில் மறந்துபோயிற்று. அன்று கடைக்கு விடுமுறை. மச்சினன் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மாமா. என்ன, வேர்த்துப் போயிருக்கு?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அது கொஞ்சம் வேணும்."

"வந்திருக்கே. எதுக்கு மாமா?"

"சும்மாதான்."

"சும்மாவா ஓடிபி கேப்பாங்க? மோசடிக்காரன் எவனும் பேசலையே உங்ககிட்ட? யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கு பாருங்க."

"இல்ல மாப்ளே, கம்பெனிப் பொண்ணுதான். அக்காவுக்கு நேர்காணல் இருக்கில்ல, அதுக்காக ஒரு சின்ன வேலை."

"ஓ, அந்த ஆறு கொம்பு ரூட்டரா?" என்று கேட்டுவிட்டு மச்சினன் நம்பரைச் சொன்னான். "நான் வரட்டுமா மாமா?"

"வேண்டாம் மாப்ளே, முடிஞ்சிடுச்சு," என்று கட்டுக்காரர் நம்பரை வாய்க்குள் முணுமுணுத்தபடி இறங்கி ஓடினார். சணல் போட்டுக் கட்டி வைத்த பெட்டிக்குள் இருந்த ரூட்டரின் கொம்பு மாடி வரைக்கும் எப்படித் தெரிந்தது என்று கேட்க அவருக்கு அவகாசம் இல்லை. வாயில் நம்பர் இருந்தது.

அந்தப் பெண் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதி, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, இன்னொரு தரம் சரிபார்த்தார். "சார், போதும் சார்," என்று அவளே கெஞ்சினாள். போட்டதும் நெட் வந்துவிட்டது. விளக்குகள் எல்லாம் பச்சை. கட்டுக்காரர் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தார். மாடிப் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தும் பார்த்தார்.

பிறகு தன் பாஸ்வேர்டைப் போட்டார். பக்கத்து எழுத்துக்கும் அதற்கும் ஒரு உறவும் இல்லாதபடி பொறுக்கிச் சேர்த்தது. பிள்ளையைப் பெற்றவர்கூடப் பெயர் வைக்க அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சுவர் ஓரத்தில் மஞ்சள் ஒயர் வளையம் வளையமாகத் தளர்ந்து தொங்கியது. கட்டுப் பிரிவில் காலம் கழித்தவரின் கண்ணுக்கு அது எப்படி இருக்கும்? ஒயரை எடுத்து மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். உள்ளங்கை அகலத்துக்குக் கச்சிதமாக ஒரு கட்டு. மேலே சணலைச் சுற்றி, தன் பெயர் சொல்லும் முடிச்சு ஒன்றைப் போட்டு, முழங்காலால் அழுத்தி இறுக்கினார். தெருவே வந்து பார்க்கலாம், அவ்வளவு அழகு. மனநிறைவோடு குளிக்கப் போனார்.

குளித்து, தலை துவட்டி வந்து பார்த்தால் கம்பெனிப் பெட்டியில் ஒரு விளக்கு சிவப்பாக எரிந்தது. நெட் இல்லை.

தலையில் துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். வண்டுதான் ஏதோ கோளாறு செய்கிறது என்று நினைத்தார். அணைத்துப் போட்டார். பின்பக்கத்தில் ஒரு துளை இருந்தது. எல்லாம் தவறிப்போனால் அதில் ஊசியால் குத்துங்கள் என்று அட்டையில் போட்டிருந்தது. குத்தினார். வண்டு எல்லாவற்றையும் மறந்துபோயிற்று, அவர் பெற்ற பாஸ்வேர்டு உட்பட. பழைய ரூட்டரை எடுத்து மாட்டினார். அதற்கும் நெட் இல்லை. மறுபடி வண்டை மாட்டினார். சிவப்பு அப்படியே இருந்தது. அது தன்னை மட்டும் பார்த்து எரிவதாக அவருக்குத் தோன்றியது.

ஜன்னலில் தலையை நீட்டினார்.

"சார், சிவப்பு எரிஞ்சா ஒயர்ல வெளிச்சம் வரலைன்னு அர்த்தம். ஒயர் எங்கயாவது தாறுமாறா கிடக்குதா சார்?"

கட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தாறுமாறாவா? நான் கட்டி வச்சிருக்கற மாதிரி உங்க கம்பெனியிலயே யாரும் கட்ட முடியாதும்மா."

"அப்ப வெளியில ஏதாவது கோளாறா இருக்கும் சார். திங்கட்கிழமை ஆள் வருவாங்க."

"நாலு மணிக்கு வேணுமேம்மா."

"திங்கட்கிழமை நாலு மணிக்கா சார்? குறிச்சுக்கறேன்."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. மூன்றரை. மனைவி வந்துவிட்டாள். கட்டுக்காரர் பாய்ந்து போய்ச் சுவருக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார். பின்னால் சிவப்பு விளக்கு அவர் காதோரம் எட்டிப் பார்த்தது.

"மாட்டிட்டீங்களா?"

"மாட்டியாச்சு."

"ஏன் அங்கயே நிக்கறீங்க?"

"காத்து நல்லா வருது."

ஃபேன் எதிர்ப்பக்கம் இருந்தது. அவள் முகம் கழுவினாள். புடவை மாற்றினாள். தலை வாரினாள். அவள் ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்யச் செய்ய, அவருக்கு உள்ளே ஒவ்வொன்றாகக் கழன்றது. உள்ளே போய் அவள் தனக்குத் தானே பேசிப் பார்ப்பது கேட்டது. "வணக்கம். நான் பன்னிரண்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன்." அந்தப் பன்னிரண்டு வருஷத்தையும் ஒரு ஆந்தைக்காகத் தொலைத்துவிட்டோமே என்று சிவப்பு விளக்கிடம் முணுமுணுத்தார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க."

கட்டுக்காரர் கையை இறக்கினார். "நெட் இல்லம்மா."

"இல்லையா?"

"காலையில வந்துச்சு. நான் பாத்தேன். அப்புறம் போயிடுச்சு. திங்கட்கிழமைதான் ஆள் வருவாங்களாம். நான் எதுவும் செய்யல. எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன்." வண்டைக் காட்டினார். "பேசாம பழசையே விட்டிருக்கணும்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார். கோபம் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அவள் குனிந்து சுவர் ஓரம் பார்த்தாள்.

"இது யார் கட்டினது?"

"நான்தான்."

"இதுக்குள்ளதானே வெளிச்சம் போகணும்? இப்படிக் கழுத்தை நெரிச்சா எப்படிங்க போகும்?"

கட்டுக்காரர் தன் கட்டைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக அது அவருக்கு அழகாகத் தெரியவில்லை.

கத்தரிக்கோலை எடுக்கப் பாய்ந்தார். அவள் கையைப் பிடித்தாள். "சணலோட சேர்த்து ஒயரையும் வெட்டிட்டா திங்கட்கிழமையும் கிடையாது. கையாலதான் அவிழ்க்கணும்."

"இதை யாராலயும் அவிழ்க்க முடியாதும்மா."

"நீங்கதானே போட்டீங்க?"

"போடத்தான் தெரியும்."

அவள் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி அவரிடம் நீட்டினாள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டுக்காரர் தன் முடிச்சுக்குள்ளேயே நுழைந்து வழி தேடினார். முதல் கண்ணி அசையவில்லை. கடிகாரம் நாலு அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் அவர் தோள் குலுங்கியது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். ஊர் ஊராக எத்தனை பேர் தன் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இப்படி அழுதிருப்பார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அத்தனை பேரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார். கேட்டதாலோ என்னவோ, ஒரு கண்ணி நெகிழ்ந்தது. பிறகு இன்னொன்று. சணல் கழன்று விழுந்தது. மஞ்சள் ஒயர் மூச்சு விட்ட மாதிரி விரிந்தது.

சிவப்பு அணைந்தது. பச்சை வந்தது.

கட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே கால் தாண்டிவிட்டது. "போச்சு," என்றார். "எல்லாம் போச்சு. இனிமே யார் காத்துக்கிட்டு இருப்பாங்க?"

"அஞ்சு மணிக்குத்தாங்க," என்றாள் மனைவி.

"என்ன அஞ்சு மணி?"

"நேர்காணல். உங்ககிட்ட அஞ்சுன்னு சொன்னா அஞ்சு வரைக்கும் கட்டிக்கிட்டு இருப்பீங்க. அதான் நாலுன்னு சொன்னேன்."

அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அஞ்சுக்கும் நெட் வராம போயிருந்தா?"

"மேல தம்பி வீட்டுல உட்கார்ந்து பேசியிருப்பேன்."

"மேலயும் வந்திருக்காதே. அவன் நம்ம நெட்டைத்தானே குடிக்கிறான்?"

"அவன் போன வருஷமே தனி லைன் போட்டுட்டான். வாசல்ல ரெண்டு மஞ்சள் ஒயர் வருதே, பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறார். ஒன்று தளர்வாக இருக்கிறதே, கட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

"அந்தக் கம்பெனிக்காரங்க கொடுத்த பெயரைச் சொல்லுங்க, போட்டுடறேன்," என்று அவள் தன் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எழுதி வைத்ததை நீட்டினார். அவள் விரல் விறுவிறுவென்று ஓடியது. மருத்துவமனையில் ரூட்டர் நின்றுபோனால் அவள்தான் பார்ப்பாளாம். அதுவும் அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"வைஃபைக்குப் பாஸ்வேர்டு என்ன போடட்டும்?"

அந்த நேரத்தில் கட்டுக்காரருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டும். "நீயே ஏதாவது போட்டுக்கம்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஐந்து மணிக்கு அவர் கதவுக்கு வெளியே பச்சை விளக்கைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டார். உள்ளே மூன்று குரல்கள் மாறி மாறிக் கேள்வி கேட்டன. மனைவி தடங்கல் இல்லாமல் பதில் சொன்னாள்.

"கொடுத்த நேரத்துக்கு ஒத்துக்காம அடம்பிடிக்கறவங்க வந்தா என்ன செய்வீங்க?" என்றது ஒரு குரல்.

"எதிர்த்துப் பேச மாட்டேங்க. நமக்கு வசதியான நேரத்துக்கு அவங்களே வந்து நிக்கற மாதிரி செஞ்சுடுவேன். நாம செஞ்சோம்னு அவங்களுக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் வேற யார் மேலயாவது கோவப்பட்டுக்கிட்டு இருப்பாங்க."

உள்ளே மூன்று பேரும் சிரித்தார்கள். வெளியே கட்டுக்காரரும் சிரித்தார். என்ன புத்திசாலித்தனம் என்று பெருமையாக இருந்தது. இப்படி ஒரு ஆளிடம் மாட்டிக்கொண்டவன் பாடு பாவம்தான் என்றும் நினைத்துக்கொண்டார்.

வேலை கிடைத்துவிட்ட மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டே அவள் வெளியே வந்தாள். மச்சினன் மாடியிலிருந்து இறங்கி வந்து வாழ்த்துச் சொன்னான். "புது ரூட்டர் நல்லா வேலை செய்யுதா மாமா?" என்று விசாரித்துவிட்டு, குடும்பத்தோடு வெளியே கிளம்பிப் போனான். மாடி இருட்டாயிற்று.

ஏழு மணிக்குக் கட்டுக்காரர் டேப்போடு உட்கார்ந்தார். மனசு லேசாக இருந்தது. ஆந்தை காத்திருந்தது. இப்படி ஓர் ஆட்டம் அவர் ஆடியதே இல்லை. யானை போயிற்று, ஆனால் ஆந்தையின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டான். இன்னும் ஒரே நகர்த்தல்தான். ராணியைத் தூக்கினார்.

ராணி பாதி வழியில் நின்றது. வட்டம் சுற்றியது. கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரை.

சுவரைப் பார்த்தார். விளக்கெல்லாம் பச்சை. மஞ்சள் ஒயர் தளர்வாகத் தொங்கியது. அண்ணாந்து மாடியைப் பார்த்தார். கால்பந்து இல்லை, கால் சத்தமும் இல்லை. உள் அறையில் மனைவியின் லேப்டாப்பில் ஏதோ பாட்டு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். வெங்காயமும் கத்தியும் அவர் நிற்கும் இடத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தன. அதைப் பார்த்ததும், காலையிலிருந்து காதில் விழுந்த ஒவ்வொன்றும் அவருக்கு வரிசையாகத் திரும்பக் கேட்டது.

"நீதானா?" என்றார்.

"உட்காருங்க."

"பழைய ரூட்டர்லயும் நீதானா?"

"ஏழரைக்கு மேல விட்டா நீங்க ஒன்பது வரைக்கும் எழுந்திருக்க மாட்டீங்க. குக்கர் கத்தினாலும் கேக்காது, நான் கத்தினாலும் கேக்காது. நெட் நின்னாதான் இந்தப் பக்கம் வர்றீங்க. ரெண்டு வெங்காயம் நறுக்கறீங்க. என்கூட நாலு வார்த்தை பேசறீங்க." அவள் அடுப்பைக் குறைத்தாள். "பழைய ரூட்டர்ல நெட் நிக்கறதுக்குத் தினமும் ஒரே நேரந்தான் போட முடிஞ்சுது. இதுல கிழமைக்கு ஒண்ணா போடலாம். உங்க டேப்புக்கு மட்டும் தனியாவும் போடலாம். உங்க சட்டைப் பையில பில்லைப் பாத்த அன்னைக்கே தம்பிகிட்ட காட்டி விசாரிச்சுட்டேன். எனக்காகன்னு சொன்னீங்க, நல்லதாவே பாத்து வாங்கியிருக்கீங்க."

கட்டுக்காரர் ஒரு வெங்காயத்தைத் தோலுரித்தார். கண் எரிந்தது. "அந்த ராணி பாதியில நிக்குதும்மா. ஜெயிக்கற ஆட்டம். இன்னைக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் சேர்த்துக் குடுக்க முடியாதா?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பல் வலிக்காரர்களிடம் பேசுகிற அதே இனிமையான குரலில் சொன்னாள்:

"இன்னைக்கு எல்லாம் முடிஞ்சிடுச்சுங்க. புதன்கிழமை எட்டு மணிக்கு அரை மணி நேரம் காலியா இருக்கு. போட்டுடட்டுமா?"

"போட்டுடும்மா. நன்றி," என்றார் கட்டுக்காரர்.